112 என்று எழுதிய துண்டு: வாசகரின் வீதிக் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீதியைப் பற்றியவையாகவே அமைந்துவிட்டன. கண்டி–யாழ்ப்பாண ஏ9 வீதி செப்பனிடப்பட்டுக் கண்ணாடிபோல் கிடக்கத் தொடங்கிய நாள்முதல் ஓமந்தையைத் தாண்டியதும் கால் தானாகவே அழுத்துகிறது என்று சாரதிகள் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். அழுத்திய கால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக, அதாவது முதலியாராகப் பணியாற்றிய காலம் முழுவதும், குற்றம் சாட்டப்பட்டவர் ஏறும் எதிரிக் கூட்டுக்குச் சில அடி தள்ளி நின்றே பார்த்தவன் என்பதால், இக்கேள்விகளை ஒன்றாகத் தொகுத்து எடுத்துக்கொண்டேன். நான் சட்டத்தரணி அல்லன் என்பதை வழமைபோல் நினைவூட்டுகிறேன்.

கேள்வி: ஐயா, பரந்தனில் இருந்து எழுதுகிறேன். சொந்தமாக ஒரு வான் வைத்துக் கட்டுநாயக்காவுக்கு ஹயர் ஓடுகிறேன். சென்ற மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்றை விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது, விடியற்காலை நாலரை மணியளவில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் புறப்பட்டேன். சில நிமிடங்களில் போக்குவரத்துப் பொலிஸார் மறித்து, 70 கிலோமீற்றர் வீதியில் 112இல் வந்ததாகச் சொல்லி, அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, கிளிநொச்சி நீதவான் நீதிமன்றத்துக்கு வரும்படி துண்டு எழுதித் தந்தார்கள். அந்நேரம் யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ் ஒன்று என்னை முந்திக்கொண்டிருந்தது. என் வேகமானி 95ஐத்தான் காட்டியது. நீதிமன்ற வாசலில் நிற்கும் ஒருவர், 40,000 ரூபா தந்தால் தனக்குத் தெரிந்த சட்டத்தரணி வழக்கை வெட்டித் தருவார் என்கிறார். அண்ணர், ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டு என்கிறார். மைத்துனரோ, போகாமல் விட்டால் மறந்துவிடுவார்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? தவணைக்கு மூன்று கிழமை இருக்கிறது.

பதில்: மைத்துனரின் யோசனையை முதலில் கழித்துவிடுவோம். நீதிமன்றம் எவரையும் மறப்பதில்லை. குறித்த தவணையில் உங்கள் பெயர் கூப்பிடப்பட்டு நீங்கள் இல்லையென்றால் பிடியாணை பிறக்கும். பிறகு ஏதாவதொரு விடியற்காலையில், வானில் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது, சோதனையில் அது தலைகாட்டும். உங்கள் அனுமதிப்பத்திரம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. உங்களுக்குத் தந்திருக்கும் தற்காலிக அனுமதியோ நிரந்தரமானதன்று. ஆகவே போகாமல் விடுவது என்ற வழியே கிடையாது.

அடுத்து, துண்டை மேசையில் வைத்து வெளிச்சத்தில் வாசியுங்கள். வாகன இலக்கம், நேரம், இடம், அனுமதிக்கப்பட்ட வேகம், பதிவான வேகம், குற்றம் சாட்டப்பட்ட பிரிவு, நீதிமன்றத்தின் பெயர், தவணைத் திகதி ஆகிய ஒவ்வொன்றையும் பாருங்கள். முறிகண்டி முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் வருகிறது. கிளிநொச்சி நகரமோ அங்கிருந்து அதிக தூரமில்லை. அதனால் இடத்தை வைத்துத் தாங்களே தீர்ப்புச் சொல்லி முல்லைத்தீவுக்குப் போய் நின்றுவிட்டு, பெயர் கூப்பிடவில்லை என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. துண்டில் எந்த நீதிமன்றம் எழுதப்பட்டிருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். இடம் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது என்பது உங்கள் வாதமாக இருந்தால், அதையும் அங்கே போய்த்தான் சொல்ல வேண்டும்.

இனி இலக்கத்துக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது வேகக் குற்றத்துக்கான தண்டம் படிப்படியாக ஆக்கப்பட்டது. அனுமதித்த வேகத்தை நூற்றுக்கு 20 வரை மீறினால் ஒரு படி, 20க்கும் 30க்கும் இடையில் இன்னொன்று, 30க்கும் 50க்கும் இடையில் மற்றொன்று, 50ஐத் தாண்டினால் உச்சப் படி. 70இல் 112 என்பது நூற்றுக்கு 60 மீறல். ஆகவே நீங்கள் நிற்பது 15,000 முதல் 25,000 ரூபா வரையான உச்சப் படியில். நீங்கள் சொல்லும் 95ஐயே எடுத்துக்கொண்டாலும் அது 70ஐ விட நூற்றுக்கு 35க்கும் மேல். 10,000 முதல் 15,000 வரையான படி அது. இதை நான் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் போராடப் போவது விடுதலைக்காகவா, ஒரு படி இறங்குவதற்காகவா என்பது தெரியாமல் சட்டத்தரணியைத் தேடிப் போனால், அவர் கேட்கும் தொகை கூடவா குறைவா என்பதை உங்களால் நிதானிக்க முடியாது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் விடுதலை என்ற பேச்சுக்கு இடம் குறைவு. ஒரு படி இறங்கலாம். அதைவிட முக்கியமாக, அனுமதிப்பத்திரத்தைக் காப்பாற்றலாம்.

பஸ் பற்றிய உங்கள் வாதம் வெறும் சாட்டு அன்று, ஆனால் அது எந்தக் கருவியால் பிடித்தார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. றேடார் வகைக் கருவியின் கதிர், தூரம் போகப்போக விரிந்துகொண்டே போகும். பெரிய உடம்புள்ள வாகனம் பக்கத்தில் வேகமாக வந்தால் அதன் எதிரொலியே மேலோங்கி நிற்கக்கூடும். லேசர் வகைக் கருவியோ மெல்லிய ஒளிக்கற்றையை ஒரு வாகனத்தின் முகத்தில் குறிவைத்து அடிப்பது. அங்கே கேள்வி, இருட்டில் இரண்டு சோடி முன்விளக்குகள் பக்கம் பக்கமாக வந்தபோது எதைக் குறிவைத்தார் என்பதுதான். கருவியின் வகை, அது கடைசியாக அளவு சரிபார்க்கப்பட்ட சான்று, படம் அல்லது பதிவு உண்டா என்பது, அதை இயக்கிய உத்தியோகத்தர் எங்கே நின்றார் என்பது ஆகியவற்றை விளக்கத்தில், அதாவது சாட்சிகளை வைத்து நடக்கும் வழக்கு விசாரணையில், சட்டத்தரணி கேட்பார். பக்கவாட்டில் நின்று அடித்ததால் கருவி பிழையாகக் காட்டியது என்ற வாதத்தை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். வீதியோரத்தில் நின்று கோணத்தில் அளந்தால் உண்மையான வேகத்தை விடக் குறைவாகத்தான் காட்டும். அந்த வாதம் உங்களையே திருப்பிக் கடிக்கும்.

உங்கள் வேகமானியை விடப் பலமான சாட்சி வானுக்குள்ளேயே இருக்கக்கூடும். ஹயர் வான்களில் பலர் இப்போது முன்கண்ணாடிக் கமராவும் ஜீபிஎஸ் கருவியும் பூட்டியிருக்கிறார்கள். கமராவின் அட்டை நிறைந்ததும் பழைய பதிவை அழித்துக்கொண்டு புதியதை எழுதும் என்பதால், ஒரு மாதத்துக்கு முந்திய காட்சி இப்போது இருக்குமோ தெரியாது. இருந்தால் இன்றைக்கே வேறிடத்தில் பிரதி எடுங்கள். ஜீபிஎஸ் நிறுவனத்திடமிருந்து அன்றைய ஓட்டப் பதிவை எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிவு 108 என்று காட்டினால் அதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள். முதலில் உங்கள் சட்டத்தரணிக்கு மட்டும் காட்டுங்கள். வேகமானிகள் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படிதான் வழமையாகச் செய்யப்படுகின்றன. ஆனால் பெரிய ரயர் மாற்றியிருந்தால் கணக்குத் தலைகீழாகும். உங்கள் வானில் ரயர் மாற்றியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.

சட்டத்தரணி தேவையா என்ற கேள்விக்கு, அனுமதிப்பத்திரம் பிழைப்பாக இல்லாத ஒருவருக்கு நான் தேவையில்லை என்றே சொல்லியிருப்பேன். ஒப்புக்கொண்டு, தண்டத்தைக் கட்டி, பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். அண்ணர் சொல்வது அவ்வளவுக்குச் சரி. ஆனால் நீதவானுக்குத் தண்டத்தோடு உங்கள் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தவும் அதில் குற்றத்தைப் பதியவும் அதிகாரம் உண்டு. உங்களுக்கு அது ஒரு துண்டுக் காகிதமன்று, அடுப்பில் ஏறும் உலை. முன்குற்றம் இல்லாதவர், வானின் தவணைக் கட்டுப்பணம் கட்டிக்கொண்டிருப்பவர், குடும்பத்தின் ஒரே உழைப்பாளி என்பவற்றை ஆதாரத்தோடு, சுருக்கமாக, உரிய இடத்தில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். நீங்களே சொன்னால் கெஞ்சலாகவும், அவர் சொன்னால் சமர்ப்பணமாகவும் கேட்கும் என்பது நியாயமில்லைத்தான், ஆனால் நான் பார்த்தது அப்படித்தான்.

அந்த ஒருவரை எப்படித் தேடுவது? வாசலில் தேடாதீர்கள். சட்டத்தரணிகள் தரகர் வைத்து ஆள் பிடிப்பதையும் தங்களை விளம்பரம் செய்வதையும் 1988ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகள் தடுக்கின்றன. ஆகவே வாசலில் நின்று கூவுகிறவர் எந்தச் சட்டத்தரணியின் பெயரைச் சொன்னாலும், ஒன்றில் அந்தச் சட்டத்தரணி விதியை மீறுகிறார், அல்லது அவருக்கே தெரியாமல் அவருடைய பெயர் விற்கப்படுகிறது. ‘வெட்டித் தருவார்’ என்ற சொல்லையும் உற்றுக் கவனியுங்கள். 40,000இல் சட்டத்தரணிக்கு எவ்வளவு, மற்றவர்களுக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்; பதில் மழுப்பலாக வந்தால் அது கட்டணமன்று, இலஞ்சம். கொடுப்பவரும் வாங்குபவரைப் போலவே குற்றவாளி. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் அதற்காகவே இருக்கிறது.

நான் சொல்லும் வழி கொஞ்சம் நேரம் எடுக்கும், காசு எடுக்காது. தவணைக்கு ஒரு கிழமை முன்னதாக, ஹயர் இல்லாத ஒரு காலையில், வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு கிளிநொச்சி நீதிமன்றத்துக்குப் போய்ப் பொதுமக்கள் வாங்கில் உட்காருங்கள். திறந்த நீதிமன்றத்தில் எவரும் இருந்து பார்க்கலாம். கைபேசியை நிறுத்திவிடுங்கள். போக்குவரத்து வழக்குகள் எடுக்கப்படும்போது யார் எழுந்து நிற்கிறார், யாருடைய சமர்ப்பணத்தை நீதவான் தலை நிமிர்ந்து கேட்கிறார், யார் தன் கட்சிக்காரரின் பெயரையே கோவையைப் புரட்டித் தேடுகிறார் என்பதெல்லாம் ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். கொலை வழக்கில் பெயர்போனவர் உங்களுக்குத் தேவையில்லை. நாளாந்தம் அந்த நீதிமன்றத்தில் போக்குவரத்து வழக்குகளைப் பேசுகிற, இளையவராக இருந்தாலும் கோவையை வாசித்துவிட்டு வருகிற ஒருவர் போதும். பிறகு அவருடைய அலுவலகத்துக்குத் துண்டோடு போங்கள். கட்டணம் ஒவ்வொரு தவணைக்குமா, வழக்கு முழுவதற்குமா என்று கேளுங்கள். அன்றைக்கு அவரே வருவாரா, கனிட்டரை அனுப்புவாரா என்றும் கேளுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். நிச்சயமாக விடுதலை என்று வாக்குக் கொடுக்கிறவரிடமிருந்து மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். நல்ல சட்டத்தரணி பெரும்பாலும் முதலில் உங்களை விளக்கத்துக்குப் போக வேண்டாம் என்றே தடுப்பார். ஏனென்றால் விளக்கம் என்றால் பல தவணைகள். ஒவ்வொரு தவணையும் உங்களுக்கு ஒரு ஹயர். நாலு ஹயரை இழந்து தண்டத்தில் பத்தாயிரத்தைக் குறைப்பது கணக்காகுமா என்பதை அவர் உங்களோடு சேர்ந்து பார்ப்பார். பொலிஸாரின் பதிவில் ஐயமிருந்தால் குற்றச்சாட்டைத் திருத்தும்படி கேட்கலாமா என்பதையும் அவரே அறிவார்.

வருமானம் குறைந்தவர்களுக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் வன்னியிலும் இருக்கின்றன. வருமான எல்லை ஒன்று உண்டு. சொந்த வான் வைத்திருப்பவர் அதற்குள் வருவது கடினம் என்றாலும், ஆலோசனை கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

தவணையன்று ஒரு விடயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டதும் ‘குற்றவாளியா, சுற்றவாளியா’ என்று கேட்கப்படும். அந்த இடத்தில் நம்மவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும், ‘குற்றவாளிதான் ஐயா, ஆனால் பஸ்தான் வேகமாக வந்தது’ என்பதாக இருக்கும். ‘ஆனால்’ என்ற சொல் விழுந்ததும் அது நிபந்தனையற்ற ஒப்புதலாக இராது. நீதவான் அதை ஏற்க முடியாமல் வழக்கை விளக்கத்துக்கு வைக்கவேண்டி வரும். அந்த ஒரு சொல்லை மொழிபெயர்த்துவிட்டு, எதிரியின் முகம் வெளுப்பதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. ஒப்புக்கொள்வதென்றால் ஒரே சொல்லில் ஒப்புக்கொள்ளுங்கள்; பஸ்ஸின் கதையைத் தண்டனைக்கு முன் சட்டத்தரணி சொல்லட்டும். தண்டத்தை அன்றே நீதிமன்றக் காசாளரான சிறாப்பரிடம் கட்டக் காசு கொண்டுபோங்கள். கையில் போதாவிட்டால் அவகாசம் கேட்கலாம். கேட்காமல் வெளியே போனால் சிறைக்குப் போக நேரிடும். தீர்ப்பு ஒப்பவில்லை என்றால் மேன்முறையீட்டுக்கு 14 நாள் மட்டுமே உண்டு.

கேள்வி: ஓமந்தையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது வேகம் என்று தண்டச் சீட்டுத் தந்தார்கள். வயல் வெட்டில் இருந்ததால் தபாலகத்தில் கட்ட 14 நாள் தாண்டிவிட்டது. இப்போது என்ன செய்வது?

பதில்: நீதிமன்றத்துக்கு எழுதப்படாத சாதாரணத் தண்டச் சீட்டு என்றால், 14 நாள் முடிந்த பின்னும் 28ஆம் நாள் வரை இரட்டிப்பாகக் கட்டலாம். அதற்குப் பிறகு அது வழக்காகிவிடும். கட்டியதும் பற்றுச்சீட்டை உரிய பொலிஸ் நிலையத்தில் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்டுக்கொள்ளுங்கள். தற்காலிக அனுமதி காலாவதியாகியிருந்தால் பொலிஸ் நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய் இறங்காதீர்கள், பஸ்ஸில் போங்கள். 2025 முதல் தண்டங்களைக் கவ்பே என்ற இணையவழியில் கைபேசியாலேயே செலுத்தும் முறையும் பரவி வருகிறது. உங்களைப் போல வயலில் நிற்பவர்களுக்குத்தான் அது உதவும்.

கேள்வி: மாங்குளத்தில் என் மகனை மறித்து எழுதிய துண்டு முழுவதும் சிங்களத்தில் இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் எழுதிய வாக்குமூலமும் சிங்களம். வாசித்துக் காட்டாமலே கையொப்பம் வாங்கினார்கள். இது செல்லுமா?

பதில்: மொழி பிழைத்ததால் வழக்கே இல்லாமற் போய்விடும் என்று எண்ணிவிடாதீர்கள், அந்த நம்பிக்கையோடு வந்து ஏமாந்தவர்கள் பலர். ஆனால் உங்கள் முறைப்பாடு சிறியதன்று. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ். 24ஆம் உறுப்புரையின்படி இங்குள்ள நீதிமன்றங்களின் மொழியும் தமிழ். அதனால் துண்டு எந்த மொழியில் இருந்தாலும் குற்றச்சாட்டு உங்கள் மகனுக்குத் தமிழில் வாசிக்கப்படும். அதுவரை அவர் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

கையொப்பமிட்ட வாக்குமூலத்தைப் பற்றி: வாசித்து விளங்கப்படுத்தாமல் ஒப்பம் பெறப்பட்டது என்பதை முதல் தவணையிலேயே சட்டத்தரணி மூலம் நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாம் தவணையில் நினைவு வந்து சொன்னால் அது புனைந்த கதையாகத் தோன்றும். யார் எழுதினார், யார் பக்கத்தில் இருந்தார், எத்தனை மணிக்கு என்பதை மகன் இன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். 1991இல் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குத் துண்டின் பிரதியோடு தனியாக ஒரு முறைப்பாடு அனுப்புங்கள். அது வழக்கைத் தீர்க்காது, ஆனால் அடுத்த பிள்ளைக்குத் துண்டு தமிழில் வரக்கூடும். இனிமேல் விளங்காத தாளில் ஒப்பமிடச் சொன்னால், ‘வாசித்துக் காட்டுங்கள், விளங்கினால் இடுகிறேன்’ என்று சத்தம் போடாமல் சொல்லப் பழக்குங்கள். சத்தம் போட்டால் கடமைக்கு இடையூறு என்று இன்னொரு வழக்கு சேரும்.

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தாய் எழுதுகிறேன். மகன் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறான். 401 நெடுஞ்சாலையில் 156இல் ஓடினான் என்று பொலிஸ் அவன் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம், லைசென்சையும் பறித்துவிட்டதாம். அங்கே ஒருவர் 4,000 டொலர் கேட்கிறாராம், ரிக்கெட்டை இல்லாமல் செய்வாராம். என் தாலிக்கொடியை அடகு வைத்து அனுப்பட்டுமா? அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பதில்: அம்மா, தாலிக்கொடியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள். அந்த நாட்டுச் சட்டம் எனக்குப் பழக்கப்பட்டதன்று என்றாலும், இந்தக் குற்றத்தைப் பற்றி ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. 150 கிலோமீற்றரோ அதற்கு மேலோ ஓடினால் அது சாதாரண வேகக் குற்றமன்று. ‘ஸ்ரண்ட் ட்ரைவிங்’ என்ற கடும் குற்றம். வீதியில் வைத்தே அனுமதிப்பத்திரம் 30 நாளுக்கும் வாகனம் 14 நாளுக்கும் போய்விடும். அவர் இப்போது அனுபவிப்பது அதுதான். அது நீதிமன்றத் தண்டனை அன்று. நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டால் 2,000 முதல் 10,000 டொலர் வரை தண்டம், 6 மாதம் வரை சிறைக்கு இடம், முதல் தடவையென்றால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அனுமதிப்பத்திர இடைநிறுத்தம். காப்புறுதிக் கட்டணம் தாறுமாறாக ஏறும். தபாலகத்தில் கட்டி முடிக்கிற துண்டு அன்று. குறித்த நாளில் நீதிமன்றத்தில் தோன்றியே ஆக வேண்டும்.

திருப்பி அனுப்புவார்களா என்ற பயத்துக்கு: இது அந்த நாட்டின் குற்றவியல் கோவையின் கீழ் வரும் குற்றமன்று, மாகாணச் சட்டத்தின் கீழ் வருவது. அபாயகரமாக ஓட்டியதாகக் குற்றவியல் கோவையின் கீழும் குற்றம் சாட்டப்பட்டிருந்தால் நிலைமை வேறு. மகன் தன் கையிலுள்ள தாளில் எந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்று வாசித்துச் சொல்லட்டும். அவர் இன்னும் நிரந்தர வதிவிடம் பெறாதவர் என்றால் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

4,000 டொலர் கேட்பவர் யார்? ஒன்ராறியோவில் இத்தகைய வழக்குகளில் சட்டத்தரணிகளோடு, சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற ‘பராலீகல்’ என்போரும் தோன்றலாம். பெரும்பாலும் அவர்களின் கட்டணம் குறைவு. உரிமம் உள்ளவர்கள் எல்லோருடைய பெயரும் ஒன்ராறியோச் சட்டச் சங்கத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. நம் ஆட்களின் கடைவாசலில் ஒட்டியிருக்கும் துண்டுப் பிரசுரத்தில் பெயர் இருப்பது போதாது. அந்த இணையத்தளத்தில் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ் கதைக்கிறார், ஊர்க்காரர் என்பதெல்லாம் எதற்கும் உதவாது. உரிமமுள்ளவரைப் பிடித்தால், அவர் முதலில் வழக்குத் தொடுநரிடமிருந்து பொலிஸ் உத்தியோகத்தரின் குறிப்புகளையும் கருவியைப் பரிசோதித்த பதிவையும் கேட்டுப் பெறுவார். பிறகுதான் குற்றச்சாட்டைச் சாதாரண வேகக் குற்றமாகக் குறைக்கப் பேசலாமா, வழக்காடலாமா என்று முடிவெடுப்பார். அந்தத் தாள்களைப் பார்க்கு முன்னரே இல்லாமல் செய்வேன் என்று சொல்கிறவர் பரந்தன் தம்பிக்கு 40,000 சொன்னவரின் உடன்பிறப்பாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று: அந்த 30 நாளுக்குள் நண்பனின் காரை எடுத்து ஓட வேண்டாம் என்று மகனுக்குச் சொல்லுங்கள். தாய் சொன்னால் கேட்பார்.

கேள்வி: வவுனியாவில் வேக வழக்குக்காக ஒரு சட்டத்தரணிக்கு 15,000 ரூபா கொடுத்தேன். பற்றுச்சீட்டுத் தரவில்லை. ‘நீ வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். அவர் போகவில்லை. எனக்குப் பிடியாணை. இப்போது தொலைபேசியையும் எடுக்கிறார் இல்லை.

பதில்: கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் பிடியாணையைக் கவனியுங்கள். பொலிஸார் வந்து பிடிப்பதற்கு முன் நீங்களாகவே போவதில்தான் எல்லாம் இருக்கிறது. வேறொரு சட்டத்தரணியைக் கொண்டு நகர்த்தல் பத்திரம் என்ற எழுத்து விண்ணப்பத்தை இட்டு வழக்கை முற்கூட்டியே அழைப்பித்து, நேரில் தோன்றி, வராமல் விட்ட காரணத்தைச் சொல்லிப் பிடியாணையை மீளப்பெறும்படி கேளுங்கள். தானாக வந்து நிற்பவரையும் விலங்கோடு கொண்டுவரப்படுபவரையும் எந்த நீதவானும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பிணையாளி ஒருவரையும், அவருடைய அடையாள அட்டையோடும் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழோடும், முன்னெச்சரிக்கையாகக் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிணைப்பத்திரம் எழுதி முடியாவிட்டால் திங்கள் வரை உள்ளே இருக்க நேரிடும்.

‘நீ வர வேண்டாம்’ என்று யார் சொன்னாலும், எதிரியாகப் பெயர் குறிக்கப்பட்டவர் போக வேண்டும். அந்தக் காலத்து ஆட்கள் அப்புக்காத்து, பெறக்கிராசி என்று இருவேறாகச் சொல்வார்கள். 1970களில் இரண்டையும் சேர்த்துச் சட்டத்தரணி என்று ஒரே பெயராக்கினார்கள். பெயர் எதுவானாலும், அவர் உங்களுக்காகப் பேச வருபவரே தவிர உங்களுக்குப் பதிலாகக் கூட்டில் ஏறுபவர் அல்லர்.

பிடியாணை மீளப்பெறப்பட்ட பிறகு முறைப்பாட்டுக்கு வாருங்கள். இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கு எழுதலாம். சட்டத்தரணிகளை ஒழுங்குக்குட்படுத்தும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் இருப்பதால் சத்தியக்கடதாசியோடு அங்கும் முறையிடலாம். பற்றுச்சீட்டுத் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காசைக் கையில் கொடுக்க அன்று காலை வங்கியிலிருந்து எடுத்திருந்தால் அந்தப் பதிவு, அவருடைய அலுவலகத்துக்கு எடுத்த அழைப்புகளின் பட்டியல், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி இருந்தால் அதன் படம் ஆகியவற்றைத் திகதி வரிசையில் அடுக்கி இணையுங்கள். முறைப்பாட்டை அனுப்புமுன் அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு, 14 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். இப்படியான கடிதம் கிடைத்ததும் தொலைபேசி எடுக்கத் தொடங்கிய சிலரை எனக்குத் தெரியும்.